மொட்டைமாடி அறையில் பெய்த மழை

வெளியே, துடைத்துக் கவிழ்த்த தட்டு மாதிரி வானம். உள்ளே, கதவு சாத்தியிருக்கிறது. நான்கு ஜன்னல்களும் கொக்கி போட்டிருக்கின்றன. அப்படிப்பட்ட ஒரு வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு, பள்ளிக்கூடத்தின் மொட்டைமாடி அறைக்குள் மழை பெய்தது. தூறல் என்று யாரும் வாய் தவறிக்கூடச் சொல்லிவிடக் கூடாது. சொன்னால் முப்பத்தெட்டுப் பிள்ளைகள் சண்டைக்கு வருவார்கள். மழை! வருகைப் பதிவேடு நனைந்தது. தலைமையாசிரியையின் கொண்டை நனைந்தது. சுவரில் தொங்கிய உலக வரைபடத்தில் இரண்டு பெரிய பாலைவனங்கள் தொப்பலாக நனைந்தன. அச்சடித்த நாளிலிருந்து ஒரு சொட்டுக்கு ஏங்கிக் கிடந்த பாலைவனங்கள் அவை. அன்று சாயம் போகும்வரை பெய்தது.

பெய்ய வைத்தவர் புவியியல் டீச்சர். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் இடி டீச்சர். குரல் அப்படி. மொட்டைமாடியில் நின்று "எல்லாரும் உக்காருங்க" என்பார். கீழே வாசலில் நிற்கும் காவலாளி சட்டென்று உட்கார்ந்துவிடுவார்.

அந்த அறை அவருடைய உயிர். படிக்கட்டு முடிகிற இடத்தில், மொட்டைமாடியில் தனியாக நிற்கிற தகரக் கூரை அறை. எப்போதோ தட்டுமுட்டுச் சாமான் போட்டு வைக்கக் கட்டியது. ஆனால் கட்டினவர் என்ன நினைத்தாரோ, நாலு சுவருக்கும் நாலு ஜன்னல் வைத்துவிட்டார். பாடம் நடக்கும்போதே மேற்கு ஜன்னலில் ஒரு மேகம் எட்டிப் பார்க்கும், வடக்கு ஜன்னலில் மரங்கள் ஒரு பக்கமாகச் சாயும், டீச்சர் புத்தகத்தை மூடிவிடுவார். "அதோ வருது பாரு பாடம்! எல்லாரும் ஜன்னலுக்கு ஓடு!" கீற்று மேகம், திரள் மேகம், படை மேகம் என்று மற்ற பள்ளிப் பிள்ளைகள் உருப்போட்டுக்கொண்டிருக்க, இந்தப் பிள்ளைகள் பேருந்து நிறுத்தத்தில் தெரிந்தவர்களைப் பார்த்தது மாதிரி மேகங்களைப் பார்த்துக் கையாட்டுவார்கள்.

இந்த அறையைத்தான் இயற்பியல் சார் கேட்டார்.

அவர் பெயர் ஆதாரம். யாராவது "இன்னைக்கு வெயில் ஜாஸ்தி சார்" என்றால், "எத்தனை டிகிரி? எந்த இடத்துல அளந்தீங்க?" என்பார். திருமணத்துக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், பெண்ணுக்கு நன்றாகச் சமைக்க வரும் என்று சொன்னதற்கு ஆதாரம் கேட்டதாகவும், அவர்கள் ஒரு தட்டை எடுத்து வைத்ததாகவும், அவர் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத்தான் சம்மதித்ததாகவும் ஆசிரியர் அறையில் ஒரு பேச்சு உண்டு. சாரிடம் கேட்டால் மறுப்பார். நான்கு முறை என்பார்.

அவர் கேட்டதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஒளியைப் பற்றிப் பாடம் நடத்த இருட்டு வேண்டும். கீழ்த்தளத்து வகுப்புகளில் எந்தப் பக்கம் அடைத்தாலும் எங்கிருந்தாவது வெளிச்சம் வந்துவிடுகிறது. மேல் அறை ஒதுக்குப்புறம். நாலே நாலு ஜன்னல்.

"நாலுக்கும் கறுப்புத் தாள் ஒட்டிட்டா வேலை முடிஞ்சுது, மேடம்" என்றார் தலைமையாசிரியையிடம்.

"ஒட்டுவீங்க, ஒட்டுவீங்க!" என்றார் இடி டீச்சர். "வானத்துக்கே கண்ணைக் கட்டி விடுவீங்களா சார்?"

"கீழ ஒரு கிளாஸ் எடுத்துக்குங்க டீச்சர். மேகம் பாக்கணும்னா பிள்ளைங்கள மைதானத்துக்குக் கூட்டிட்டுப் போங்க."

"மைதானத்துக்குக் கூட்டிட்டுப் போனா பந்தைப் பாக்கும், மேகத்தையா பாக்கும்?"

தலைமையாசிரியை அதிகம் பேசாதவர். கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தீர்ப்பு சொல்கிற பழக்கம் உள்ளவர். "வியாழக்கிழமை சார் அங்க ஒரு பாடம் எடுக்கட்டும். வெள்ளிக்கிழமை நீங்க எடுங்க. ஒரே வகுப்பு, அதே பிள்ளைங்க. நான் கடைசி பெஞ்சுல உக்காந்து பாக்கறேன். யார் பாடத்துக்கு அந்த அறை வேணுமோ அவங்களுக்குச் சாவி."

வியாழக்கிழமை சார் ஜன்னல்களை அடைத்தார். கும்மிருட்டு. ஒரே ஒரு ஊசித்துளை வழியாக வெயில் நூல் மாதிரி உள்ளே வந்தது. ஒரு முக்கோணக் கண்ணாடியை அதன் குறுக்கே வைத்தார். எதிர்ச்சுவரில் ஏழு நிறமும் வந்து உட்கார்ந்தன. முப்பத்தெட்டு வாய்களும் ஒரே நேரத்தில் பிளந்தன. தலைமையாசிரியை கைதட்டினார். அவர் அந்தப் பள்ளிக்கு வந்து பதினோரு வருஷத்தில் கைதட்டியது அதற்கு முன்பு ஒரே ஒரு தடவை, அதுவும் கொசு அடிப்பதற்கு.

இடி டீச்சர் வெளியே படிக்கட்டில் நின்று கதவிடுக்கு வழியாகப் பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது. அதுதான் பிரச்சினை.

அன்று மாலை வீட்டு அடுப்படியில் ஒத்திகை. ஒரு கண்ணாடி ஜாடி, அதில் பாதி வெந்நீர், வாயில் ஒரு தட்டு, தட்டில் ஐஸ். நீராவி மேலே போய், குளிர்ந்த தட்டில் பட்டு, துளியாகி விழ வேண்டும். ஜாடிக்குள் மழை. பாடப்புத்தகத்தில் படத்தோடு இருக்கிறது.

பக்கத்து வீட்டில் சலவைக்கடை வைத்திருக்கும் நாத்தனார், கை துடைத்துக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தாள்.

"என்ன அண்ணி, ஊறுகாய் போடறீங்களா?"

"மழை போடறேன். பேசாம பாரு."

பத்து நிமிஷம் பார்த்தார்கள். தட்டின் அடியில் இரண்டு சொட்டு தொங்கியது. ஒன்று விழுந்தது. மற்றது யோசித்தது.

"இவ்வளவுதானா?" என்றாள் நாத்தனார். "நான் வெங்காயம் உரிச்சாலே இதைவிட ஜாஸ்தி பெய்யுமே!"

"உனக்கு என்ன தெரியும்?"

"எனக்கா தெரியாது? நீங்க மழை வரும்னு சொல்ற அன்னைக்கெல்லாம் நான் தைரியமா கடையில இருக்கிற போர்வை பூரா துவைச்சுக் காயப்போடறேன். ஒரு நாளும் நனைஞ்சதில்லை. உங்கள நம்பித்தான் அண்ணி என் பொழைப்பே ஓடுது."

டீச்சர் ஜாடியை மூடி வைத்தார். ஏழு நிறத்துக்கு முன்னால் ஒன்றரைச் சொட்டு. கடைசி பெஞ்சிலிருந்து பார்த்தால் ஜாடியே தெரியாது. சாவி போனது போனதுதான் என்று மனசுக்குள் முடிவாகிவிட்டது. சாப்பாடுகூட இரண்டு தடவைதான் போட்டுக்கொண்டார்.

ஆனால் அதே நேரத்தில், ஊரில் அறுநூற்றுப் பதினொரு வீடுகளில் அடுப்பங்கரை பரபரத்துக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியாது.

நடந்தது இதுதான். அன்று மத்தியானம் டீச்சர் ஒரு துண்டுத்தாளில், "நாளைப் புவியியல் பாடத்துக்கு: வெந்நீர் 1 பிளாஸ்க், ஐஸ் 1 டப்பா. காலை 9 மணி" என்று எழுதி, பள்ளி உணவகத்தில் கொடுத்துவிடச் சொல்லி அலுவலக மேசையில் வைத்துவிட்டுப் போனார். அந்த மேசைக்குரிய எழுத்தர் ஒரு தனிப்பிறவி. பள்ளியில் அவரைச் 'சுற்றறிக்கை' என்றே சொல்வார்கள். அவர் மேசையில் எந்தத் தாள் விழுந்தாலும் அது சுற்றறிக்கையாகித்தான் வெளியே போகும். ஒருமுறை யாரோ விட்டுப்போன துணிக்கடை ரசீது எல்லா வகுப்பிலும் வாசிக்கப்பட்டு, மறுநாள் நாற்பது பிள்ளைகள் இரண்டு மீட்டர் துணியோடு வந்தார்கள். டீச்சரின் துண்டுத்தாளையும் அவர் பொறுப்பாக எடுத்து, தட்டச்சு செய்து, "ஒவ்வொரு மாணவரும் தவறாமல்" என்று மேலே சேர்த்து, "தவறினால் பெற்றோருடன் வரவும்" என்று கீழே சேர்த்து, முத்திரை குத்திப் பதினாறு வகுப்புக்கும் அனுப்பிவிட்டார்.

பெற்றோருடன் வரவும் என்ற இரண்டு சொல்லுக்கு உள்ள பலம் எந்தப் புயலுக்கும் கிடையாது.

வெள்ளிக்கிழமை காலை டீச்சர் பள்ளி வாசலுக்கு வந்தபோது முதலில் கண்ணில் பட்டது ஒரு சிவப்பு பிளாஸ்க். பிறகு நீலம். பிறகு பூப்போட்டது. பிறகு ஒரு குட்டிப் பெண் தன் உயரத்துக்கு ஒரு பிளாஸ்க்கைக் குழந்தை மாதிரி இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள். ஒவ்வொருவர் மறுகையிலும் ஐஸ் டப்பா. டப்பாவிலிருந்து ஒழுகிய தண்ணீரில் வாசலே வழுக்கியது. அன்று விடுப்பு எடுத்த பிள்ளை ஒன்றுகூட இல்லை. காய்ச்சலில் படுத்திருந்த ஒருவனுக்காக அவன் அப்பா பிளாஸ்க்கோடு வரிசையில் நின்றார்.

தலைமையாசிரியை படியில் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் ஆதாரம் சார், வெள்ளைவெளேர் என்று சலவைச் சட்டையில். அலுவலகத்தில் தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது.

"டீச்சர்" என்றார் தலைமையாசிரியை, கடிகாரத்தைப் பார்க்காமல். அதிலிருந்தே விஷயத்தின் தீவிரம் தெரிந்தது. "இதெல்லாம் உங்க பாடத்துக்கா?"

தப்பு நடந்துவிட்டது மேடம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். எழுத்தருக்கு நாலு திட்டு, டீச்சருக்கு ஒரு பெருமூச்சு, சாருக்குச் சாவி. டீச்சரும் அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். ஆனால் அந்த வாய் அவர் பேச்சைக் கேட்டு வளர்ந்த வாய் அல்ல.

"ஆமா மேடம்! ஜாடிக்குள்ள மழை காட்டறதெல்லாம் சின்னப் பிள்ளை விளையாட்டு. நான் அறைக்குள்ளயே பெய்ய வைக்கப் போறேன்."

சொல்லி முடித்ததும் அவருக்கே தூக்கிவாரிப் போட்டது.

"நடக்காது" என்றார் ஆதாரம் சார்.

"நடக்கும்."

"ஆதாரம்?"

"மேல வாங்க, தலையில விழும்!"

சார் சிரித்தார். கெட்ட மனிதர் அல்ல. சிரிப்பு வந்தது, சிரித்தார். "சரி டீச்சர், மழைன்னா என்னன்னு முதல்ல போர்டுல எழுதுங்க. துளி காத்துல இருந்து வரணும். கூரை ஓட்டை வழியா ஒழுகிட்டு, அதான் மழைன்னு சொல்லக் கூடாது."

"எழுதறேன். பெய்யலைன்னா சாவியை நானே உங்க கையில குடுத்துர்றேன். கறுப்புத் தாளும் நானே ஒட்டறேன்."

தலைமையாசிரியை இப்போது கடிகாரத்தைப் பார்த்தார். "பத்து மணிக்குப் பாடம்."

ஒரு மணி நேரம் இருந்தது. டீச்சர் நாத்தனாருக்குப் போன் போட்டார். "உன் கடையில இருக்கிற தொட்டியெல்லாம் தூக்கிட்டு உடனே வா!"

"ஏன் அண்ணி, மழை வருமா?"

"வரும்!"

"அப்ப இருங்க, போர்வையெல்லாம் காயப்போட்டுட்டு வரேன்."

ஒன்பது தகரத் தொட்டிகள் வந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு யானைக் குட்டியைக் குளிப்பாட்டலாம். அவற்றை மொட்டைமாடி அறையில் பெஞ்சுகளுக்கு நடுவே வைத்தார்கள். காவலாளி ஏணி போட்டுக் கூரை மேல் ஏறி, ஐஸ் வழுக்கிக் கீழே விழாமலிருக்கக் கோணிப்பைகளை விரித்தார். பிறகு தொடங்கியது அந்தப் படிக்கட்டு ஊர்வலம். மூன்று மாடிக்கும் பிள்ளைகள் சுவரோரமாக நின்று கைக்குக் கை மாற்றினார்கள். இடதுபக்க வரிசையில் வெந்நீர் மேலே போனது, வலதுபக்க வரிசையில் ஐஸ் மேலே போனது, நடுவில் காலி பிளாஸ்க்குகள் கீழே இறங்கின. "சூடு, சூடு, சூடு!" என்று ஒரு பக்கம் கத்தல்; "ஐயோ சில்லு, சில்லு!" என்று மறுபக்கம். பாதி வழியில் யாரோ ஒருவருடைய அம்மா அவசரத்தில் வெந்நீருக்குப் பதிலாகக் காப்பி ஊற்றிக் கொடுத்திருந்தது தெரியவந்தது. அந்த பிளாஸ்க் மட்டும் எந்த மாடியில் காணாமல் போனது என்பதை இன்றுவரை கண்டுபிடிக்க முடியவில்லை. எழுத்தர் கீழே நின்று, வந்த பிளாஸ்க் ஒவ்வொன்றுக்கும் எண் போட்டுப் பதிந்துகொண்டிருந்தார். தன் சுற்றறிக்கை ஒன்றுக்கு இவ்வளவு மரியாதை கிடைத்ததில் அவர் கண்கள் கலங்கியிருந்தன.

பத்து மணி. முப்பத்தெட்டுப் பிள்ளைகள். கடைசி பெஞ்சில் தலைமையாசிரியை. கதவோரம் கைகட்டிய சார். மூலையில், வேடிக்கை பார்க்க நின்றுவிட்ட நாத்தனார். ஜன்னல்கள் நான்கும் மூடி, கதவு மட்டும் திறந்திருந்தது. ஒன்பது தொட்டியும் புகைந்தன. கூரை மேல் ஐஸ் ஒரு முழ உயரத்துக்கு. கரும்பலகையில் டீச்சர் எழுதியிருந்தார்: "காற்றிலுள்ள நீராவி குளிர்ந்து, துளியாகி, கனத்து, கீழே விழுவது மழை."

"முதல்ல காத்து!" என்று முழங்கினார் டீச்சர். வெளியே காவலாளி ஏணியோடு சேர்ந்து ஒரு குலுங்கு குலுங்கினார். "காத்து எப்படிடா வீசும்?"

கடைசி பெஞ்சு நெட்டையன் எழுந்தான். அவன் எழுந்தால் தலை கூரைக்கு அருகே போய்விடும். "டீச்சர், எனக்கு மண்டை வேகுது. ஆனா கால் குளிருது."

"அடேய், நீயே ஒரு பாடம்டா! அப்படியே நில்லு!" டீச்சர் துள்ளினார். "சூடான காத்து லேசு, மேல போகும். போன இடம் காலியா இருக்குமா? குளிர்ந்த காத்து கீழ வழியா ஓடி வரும். எங்கருந்து வருது பாருங்க!"

கரும்பலகை அழிக்கும் துடைப்பானைக் கதவருகே தரையில் தட்டினார். சுண்ணாம்புத் தூள் தரையோடு தரையாகப் படிக்கட்டுப் பக்கமிருந்து உள்ளே ஊர்ந்து வந்தது. தொட்டிகளைத் தாண்டி, நெட்டையனின் முழங்காலைத் தாண்டி மேலே ஏறியது. கதவின் மேல்பக்கமாக வெளியே போனது. பிள்ளைகள் அதன் பின்னாலேயே போய், நிலைப்படிக்குக் கீழே ஒரு கையும் மேலே ஒரு கையும் நீட்டிப் பார்த்து, "உள்ள வருது! வெளிய போகுது!" என்று கூத்தாடினார்கள்.

"இதான் காத்து. கடல் பக்கம் பெரிசா வீசுது, இங்க கதவுப் பக்கம் சின்னதா வீசுது. வித்தியாசம் அளவுலதான். அடுத்து மேகம்!"

கதவைச் சாத்தச் சொன்னார். நீராவி மேலே சேர்ந்தது. ஆனால் மேகம் என்று சொல்லும்படியாக இல்லை. குளியலறை மாதிரிதான் இருந்தது.

"டீச்சர், ஏன் மேகமாகல?" இது வரிசை எண் பதினேழு. வாயைத் திறந்தால் ஏன் என்றுதான் ஆரம்பிக்கும் பெண்.

"நீராவி தானா துளியாகாது. உக்கார ஒரு இடம் வேணும். தூசி, புகை, உப்பு, ஏதாவது. நாற்காலி போட்டாத்தான் விருந்தாளி உக்காருவாங்க."

பதினேழு ஒரு துடைப்பானை எடுத்தாள். அவளைப் பார்த்து இன்னும் நாலு பேர் எடுத்தார்கள். படபடவென்று தட்டினார்கள், மேலே ஊதினார்கள். சுண்ணாம்புத் தூளும் நீராவியும் கட்டிப் புரண்டு, கூரைக்குக் கீழே வெள்ளையாக ஒரு போர்வை விரிந்தது. நெட்டையனுக்குக் கழுத்துக்கு மேல் ஒன்றுமில்லை.

"எங்கடா இருக்கே?" என்றாள் அவன் பக்கத்துப் பெண்.

"படை மேகத்துல" என்றது மேகம்.

தலைமையாசிரியை வாயைப் பொத்திக்கொண்டார். சார் மட்டும் கைக்கட்டை அவிழ்க்கவில்லை. "மூடுபனி" என்றார். "மழை எங்க?"

பத்தரை. பத்தே முக்கால். தகரத்தின் அடியில் துளிகள் ஆயிரக்கணக்கில் முளைத்திருந்தன. ஒவ்வொன்றும் தொங்கியது. பருத்தது. ஆனால் விழவில்லை. ஐஸ் வைத்த தகரம் அவற்றைத் தாய் பிள்ளையைப் பிடித்த மாதிரி பிடித்துக்கொண்டது. டீச்சர் அண்ணாந்தே நின்றார். கழுத்து வலித்தது. மேற்கு ஜன்னல் கண்ணாடி வியர்த்து வானம் தெரியாமல் போயிருந்தது. அதில் கறுப்புத் தாள் ஒட்டினால் எப்படி இருக்கும் என்று ஒரு கணம் பார்த்தார். இடி டீச்சரின் குரல் அன்று முதல்முறையாக அந்த அறைக்குள்ளேயே கேட்கிற அளவில் வந்தது.

"இன்னும் கொஞ்சம் கனக்கணும் பிள்ளைங்களா..."

"அண்ணி, ஊதட்டுமா?" என்றாள் நாத்தனார். கேலியில்லாமல்தான் கேட்டாள். அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

பதினொன்றுக்கு இரண்டு நிமிஷம். சார் தொண்டையைக் கனைத்தார். "நேரமாச்சு டீச்சர். நான் கீழ இருக்கேன். சாவியைக் குடுத்து விடுங்க." கதவைத் திறந்தார், வெளியே போனார், வெற்றி பெற்ற மனிதர் எப்படிச் சாத்துவாரோ அப்படிச் சாத்தினார்.

டமார்!

கதவு அதிர்ந்தது, சுவர் அதிர்ந்தது, தகரக் கூரை முழுவதும் ஒரு சிலிர்ப்பு ஓடியது. தொங்கிக்கொண்டிருந்த அத்தனை துளியும் ஒரே மூச்சில் கையை விட்டன.

சொட்டுச் சொட்டாகவா? சோ என்று! பெஞ்சு மேல் தடதடவென்று, தொட்டிகளில் படபடவென்று, வரைபடத்தில், கொண்டையில், பதிவேட்டில். பிள்ளைகள் "மழே!" என்று கிளப்பிய கூச்சலில் டீச்சரின் குரலே தோற்றது. யாரோ பைக்குள்ளிருந்து குடையை விரித்தார்கள். யாரோ காகிதக் கப்பலுக்குப் பக்கம் கிழித்தார்கள். நெட்டையன் மேகத்திலிருந்து இறங்கி மழைக்கு வந்தான். தலைமையாசிரியை எழுந்து நின்று, தான் என்ன செய்கிறோம் என்று தெரியாமலே இரண்டு உள்ளங்கையையும் ஏந்திக்கொண்டிருந்தார்.

"ஐயோ அண்ணி!" என்று அலறினாள் நாத்தனார், முகமெல்லாம் தண்ணீரும் சிரிப்புமாக. "என் போர்வையெல்லாம் வெளிய காயுதே!"

கதவு திறந்தது. சார். கண்ணாடியில் ஆவி படிந்து பார்வை தெரியாமல் தடவிக்கொண்டே வந்தார்.

"ஒழுகுது" என்றார். "கூரை ஒழுகுது. ஐஸ் உருகி ஆணி ஓட்டை வழியா வருது. இது மழையில்லை."

கூச்சல் சட்டென்று நின்றது. டீச்சருக்கு அது நியாயமான சந்தேகம் என்று பட்டதுதான் கொடுமை. பழைய தகரம். ஆணிகள் ஏராளம். தலைமையாசிரியையும் அண்ணாந்து பார்த்தார்.

"டீச்சர், ஏன் ஐஸ் தண்ணிக்கு நிறமில்லை?" என்றாள் பதினேழு.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"நிறம் இருந்தா தெரிஞ்சிடுமில்ல. ஒழுகுதா, பெய்யுதான்னு."

சாரின் முகம் மாறியது. ஒரு நல்ல சோதனையைக் கேட்டதும் அவர் யார் பக்கம் நிற்கிறார் என்பதையே மறந்துவிடுவார். "சரியான யோசனை!" என்று கத்தினார். மூன்று மாடியும் இரண்டிரண்டு படியாக இறங்கி ஓடினார். எழுத்தரின் மேசையிலிருந்து முத்திரை மை பாட்டிலைத் தூக்கினார். ஊதா மை. முழு பாட்டில்.

"ரசீது, சார்! ரசீது!" என்று எழுத்தர் பின்னால் ஓடி வந்தார்.

சார் யாரையும் ஏறவிடவில்லை. தானே ஏணியில் ஏறி, கூரை மேல் தவழ்ந்து, இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை ஐஸ் மீது மையை ஊற்றினார். கையால் பரப்பினார். மலை மாதிரிக் கிடந்த ஐஸ் கத்தரிப்பூ நிறமானது. உருகிய ஊதாத் தண்ணீர் தகரத்தின் மடிப்புகளில் ஓடி, வெளிப்பக்கக் குழாய் வழியாக மூன்று மாடி உயரத்திலிருந்து மைதானத்தில் கொட்டியது. கீழே ஐந்நூற்றுச் சொச்சம் பிள்ளைகள் ஆரவாரம் செய்தார்கள். அவர்களுக்கும் பாடம் தொடங்கிவிட்டது என்று நினைப்பு.

சார் இறங்கி வந்தார். முழங்கைவரை ஊதா, மூக்கு நுனி ஊதா. சட்டை மட்டும் எப்படியோ அப்பழுக்கில்லாமல் தப்பியிருந்தது. கறைபடாமலிருக்க இரண்டு கையையும் கால்சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு, அறையின் நடுவில், ஆணிகள் அதிகமாகத் தெரிந்த இடத்துக்கு நேர் கீழே போய் நின்றார்.

"பத்து நிமிஷம் ஊறட்டும்" என்றார். "ஒழுகறதா இருந்தா என் சட்டை ஊதாவாகும்."

"ஆகலைன்னா?" என்றார் டீச்சர்.

சார் கூரையை அண்ணாந்து பார்த்தார்.

பத்து நிமிஷம். முப்பத்தெட்டுப் பேரும் மூச்சுவிடாமல் அண்ணாந்து நின்றார்கள். கீழே தொட்டிகள் இன்னும் புகைந்தன. மேலே துளிகள் மறுபடி முளைத்தன, பருத்தன, தொங்கின. டீச்சர் உதட்டைக் கடித்துக்கொண்டு கதவைப் பார்த்தார். கதவோரம் ரசீதுப் புத்தகத்தோடு எழுத்தர் நின்றிருந்தார்.

"கதவைச் சாத்துங்க" என்றார் தலைமையாசிரியை அவரிடம். "பலமா."

அந்த எழுத்தர் வாழ்நாளில் எந்த உத்தரவையும் அரைகுறையாக நிறைவேற்றியதில்லை.

டமார்!

இரண்டாவது மழை முதல் மழையைத் தோற்கடித்தது. சாரின் வழுக்கைத் தலையில் விழுந்து தெறித்தது, கண்ணாடியில் வழிந்தது, தோளில், மார்பில், முதுகில் சடசடவென்று பெய்தது. சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டது. பிள்ளைகள் அவரைச் சுற்றி வட்டமாக நெருங்கிவந்து, தோள்பட்டை, காலர், பொத்தான் என்று ஒரு இடம் விடாமல் தேடினார்கள்.

"வெள்ளை!" என்றான் நெட்டையன்.

"இங்கயும் வெள்ளை!"

"முதுகு வெள்ளை, சார்!"

ஊதா எங்கும் இல்லை. ஒரு புள்ளிகூட. சார் தலையைக் குனிந்து தன் சட்டையைத் தானே பார்த்தார். நம்பாமல் முன்பக்கத்தைப் பற்களால் இழுத்துப் பிடித்துப் பார்த்தார். அண்ணாந்தார், ஒரு துளி நேராக நெற்றியில் விழுந்தது. கரும்பலகையைப் பார்த்தார், எழுத்து பாதி கரைந்து ஓடிக்கொண்டிருந்தாலும், துளியாகி, கனத்து, கீழே விழுவது என்பதுவரை படிக்க முடிந்தது.

டீச்சர் ஒன்றும் கேட்கவில்லை. வாழ்க்கையில் அவர் வாயைத் திறக்காமலிருந்த மிக நீண்ட நேரம் அதுதான்.

சார் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்க உலர்ந்த இடம் எதுவும் அவர்மேல் இல்லை. சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. ஊதா மூக்கோடு, நனைந்த கோழி மாதிரி நின்று குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"காத்துல இருந்துதான் வருது, டீச்சர்" என்றார். "மழையேதான். பெய்யுது."